டோக்கன் அம்மா

வீட்டிலும் தெருவிலும் அவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு, குழுப் படத்தில் கடைசி வரிசை, பேருந்தில் கூரை இடிக்காமல் இருக்க ஒரு கழுத்துச் சாய்வு என்று வளர்ந்தவள். கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்கில் ஃபிரேமைப் பொருத்தி, காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்து, "அழுத்துதா?" என்று கேட்பாள். அழுத்தினால் கம்பியைச் சூடு காட்டி வளைத்துக் கொடுப்பாள். நின்றபடியே இதைச் செய்ய முடியாது, குனிய வேண்டும். முதுகுவலி இளவயதிலேயே வந்து சேர்ந்துவிட்டது.

"ராணி நடை" என்ற தொலைக்காட்சி மாடலிங் போட்டிக்குப் பெண்களைத் தேடுகிறார்கள் என்ற விளம்பரத்தைக் கடை டிவியில் பார்த்தாள். உயரமாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அவளுடைய உயரத்தைக் கேலி செய்யாமல் தகுதி என்று சொன்ன முதல் இடம் அதுதான். யாரிடமும் மூச்சு விடாமல் போய் நடந்து காட்டினாள். எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் விஷயம் தெரிந்தது கேமரா வண்டி வாசலுக்கு வந்த பிறகுதான். கதவைத் திறந்தது அம்மா.

அம்மாவுக்குப் பெரிய மருத்துவமனையில் வேலை. வெளிநோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்து, யார் வந்தாலும் "என்ன செய்யுது?" என்று கேட்டு, பதில் முடிவதற்குள் எந்த டாக்டர் என்று தீர்மானித்துவிடுகிறவள். அன்றைக்கும் அதே கண்ணால்தான் கேமராக்காரனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்க பொண்ணு செலக்ட் ஆயிருக்காங்கம்மா. நீங்கல்லாம் வீட்ல இருக்கிற மாதிரி கொஞ்சம் எடுக்கணும்."

"நாங்க எப்பவும் வீட்ல இருக்கிற மாதிரிதான் இருக்கோம். அதை எதுக்கு எடுக்கணும்?"

உள்ளே வந்து மகளிடம் ஒரு பாட்டம் கத்தித் தீர்த்துவிட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கேமரா போகும்வரை வெளியே வரவில்லை. அப்பா பெயின்ட் கடையில் நிறம் கலக்கிறவர். அவர் மட்டும் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, கேட்டுக்கொண்டபடி சமையலறையில் வெங்காயம் நறுக்கினார். கண் கலங்கியது. ஒளிபரப்பில் அது மகளைப் பிரியும் தந்தையின் கண்ணீராக, வயலின் இசையோடு வந்தது.

போட்டி நடந்த வீட்டில் பன்னிரண்டு பெண்கள், இரண்டே குளியலறைகள். உண்மையான போட்டி அங்கேதான் என்று முதல் நாள் காலையிலேயே நெட்டைக்குப் புரிந்துவிட்டது. மற்றபடி அந்த வாழ்க்கை அவளுக்குப் பிடித்திருந்தது. நடை சொல்லிக்கொடுக்க ஒரு முன்னாள் அழகி வருவார். நடுவர்களில் அவரும் ஒருவர். தரையில் ஒட்டிய வெள்ளைக் கோட்டின் மேல் நடந்து, முனையில் நின்று, திரும்பி வர வேண்டும். நெட்டை கழுத்துச் சாய்வை நிமிர்த்தக் கற்றாள். தோள் தானாக இறங்கியது. நிமிர்ந்து நடந்தால் உலகத்தில் இத்தனை இடம் இருக்கிறதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நீ நல்லா நடக்கிற," என்றார் முன்னாள் அழகி. அதைக் கேமரா இல்லாத நேரத்தில் சொன்னார்.

அவளுடைய அறைத்தோழிக்கு எல்லோரும் கண்ணீர் என்று பெயர் வைத்திருந்தார்கள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தால் அவளுக்குக் கண் நிறையும். விளக்கு அணைந்ததும் துடைத்துக்கொண்டு, "சாப்பாடு வந்துடுச்சா?" என்பாள். கெட்டவள் இல்லை. தன் தலையணையை நெட்டைக்குக் கொடுத்தவள் அவள்தான். நெட்டையின் கால் கட்டிலுக்கு வெளியே தொங்குவதைப் பார்த்துவிட்டு, நாற்காலியைக் கொண்டுவந்து ஒட்டிப் போட்டவளும் அவள்தான்.

மூன்றாவது வாரம் தயாரிப்பாளர் நெட்டையைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் எப்போதும் ஒரு வாக்கி டாக்கி, கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள், முகத்தில் தூக்கம் இல்லாத கனிவு.

"எல்லாம் நல்லா பண்றே. ஆனா உன்கிட்ட கதை இல்லையேம்மா."

"என்ன கதை, மேடம்?"

"இப்ப பாரு, ஒருத்திக்கு வீடு தீப்பிடிச்சிருக்கு. ஒருத்தியைக் காதலன் விட்டுட்டுப் போயிட்டான். உனக்கு என்ன? அப்பா குடிப்பாரா?"

"டீ குடிப்பாரு."

"உடம்புக்கு ஏதாவது வந்து பொழைச்சியா?"

நெட்டை யோசித்துப் பார்த்தாள். "மழைக்காலத்துல மூக்கடைக்கும்."

தயாரிப்பாளர் பெருமூச்சு விட்டார். "அம்மா?"

"அம்மாவுக்கு நான் இங்க வந்ததே பிடிக்கல. பேசறதே இல்ல."

வாக்கி டாக்கி மேசைக்கு இறங்கியது. "இதை ஏன் முதல்லயே சொல்லல?" என்றார் தயாரிப்பாளர்.

அந்த வாரம் மக்கள் வாக்கில் நெட்டை கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தாள். அடுத்த வாரம் குடும்ப வாரம் என்று அறிவித்தார்கள். எல்லோருடைய வீட்டிலிருந்தும் ஒருவர் வரலாம். அப்பாதான் வருவார் என்று நெட்டை நினைத்துக்கொண்டிருந்தாள். வந்தது அம்மா. மகளைக் கையோடு அழைத்துப்போக வேண்டும் என்று மருத்துவமனையில் விடுப்பு சொல்லிவிட்டு, அலுவலகப் பையோடும் சாப்பாட்டு டப்பாவோடும் வந்து இறங்கினாள். படப்பிடிப்பு என்பதே அவளுக்கு ஒரு தடங்கல். கேமராவை நகரச் சொல்லித்தான் வீட்டுக்குள்ளேயே நுழைந்தாள்.

கூடத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எலும்பும் தோலுமாக, கண்ணுக்குக் கீழே மையும் மினுமினுப்புமாக. அம்மா வரிசையை ஒரு முறை பார்த்தாள். கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"என்ன செய்யுது உங்களுக்கெல்லாம்?"

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். "இருமலா? எத்தனை நாளா?" என்றாள் அம்மா.

அங்கிருந்து பிடித்துக்கொண்டது. அறைக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத ஆடை வடிவமைப்பாளர் நடுவராக வந்து வணக்கம் சொன்னார். அவரிடம், "கண்ணுல சொட்டு மருந்து போட்டிருக்கீங்களா? வெளிச்சத்துல நிக்கக்கூடாதே," என்று அக்கறையாகக் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். எட்டு வருடமாக யாரும் பார்க்காத அவருடைய கண்கள் சாதாரணமாகத்தான் இருந்தன. கண்ணீர் வழக்கம்போலக் கண் கலங்கி வந்து, "எங்க வீட்லேர்ந்து யாருமே வரலம்மா," என்று தோளில் சாய்ந்தாள். அம்மா அவள் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்து, "ரத்தம் கம்மி. அழறதுக்கு முன்னாடி சாப்பிடு," என்று தன் டப்பாவைத் திறந்து கொடுத்தாள். கண்ணீர் மறுக்காமல் முழுவதும் சாப்பிட்டாள்.

மகளை அழைத்துப்போகும் விஷயத்தை அம்மா கிளம்பும்போதுதான் எடுத்தாள். "வாடி போகலாம்," என்றாள். "வரல," என்றாள் நெட்டை. "சரி, அப்ப நல்லா நட," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இத்தனை சுலபமாக அம்மா எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. நெட்டைக்கு அப்போதே லேசாக உறுத்தியிருக்க வேண்டும்.

ஒளிபரப்பான மறுநாள் ஊரெல்லாம் அம்மாதான். "என்ன செய்யுது உங்களுக்கெல்லாம்?" என்ற ஒற்றை வரியைப் பிள்ளைகள் பேருந்தில் சொன்னார்கள், அலுவலகத்தில் மேலதிகாரியின் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். டோக்கன் அம்மா என்று பெயரும் விழுந்துவிட்டது. அந்த வார வாக்கில் நெட்டை முதலிடம். போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் நடையில் அவள் ஒரு அங்குலம்கூட மாறியிருக்கவில்லை.

"உனக்குக் கதை கிடைச்சிடுச்சு," என்று தயாரிப்பாளர் அவளைக் கட்டிக்கொண்டார்.

அடுத்த வாரமும் அம்மாவுக்கு வண்டி போனது. அதற்கடுத்த வாரமும். முதலில் காலணிகளைப் பற்றிக் கருத்துச் சொல்ல, பிறகு பெண்களின் சாப்பாட்டைச் சோதிக்க, பிறகு சும்மாவே. மருத்துவமனை ஜன்னலுக்கு வேறொரு ஆள் பார்த்தார்கள். அம்மாவின் தலைமுடிக்குச் சாயம் ஏறியது. ஒருநாள் ஒப்பனை அறையைக் கடந்து போன நெட்டை, உள்ளே அம்மாவின் குரலைக் கேட்டு நின்றாள். "எனக்கு எந்தப் பக்கம் நல்லா எடுக்கும்? இடது பக்கம்னு அந்த போட்டோகிராபர் தம்பி சொல்லுது."

நெட்டை போட்டியில் மேலே போய்க்கொண்டே இருந்தாள். ஒரு வாரம் உயரமான கட்டடத்தின் மொட்டைமாடியில் நடக்கச் சொன்னார்கள். காற்று ஆளைத் தூக்கியது. இரண்டு பெண்கள் பாதியில் உட்கார்ந்துவிட்டார்கள். நெட்டை காற்றுக்குத் தோளைக் கொடுத்து, உடை பின்னால் பறக்க, கடைசிவரை போய்த் திரும்பினாள். கேமராக்காரர்களே கை தட்டினார்கள். வாழ்க்கையில் தான் செய்த மிக நல்ல காரியம் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. ஒளிபரப்பில் அது நான்கு விநாடி வந்தது. மீதி நேரமெல்லாம், கீழே நின்ற அம்மா, "மேல துணி காயப்போடற கொடிகூட இல்ல, இதுக்கு எதுக்கு மாடி?" என்று கேட்டதும், அதற்கு எல்லோரும் சிரித்ததும்.

மறுநாள் ஒப்பனை அறையில் அம்மாவின் தலைமுடியில் சூடான சுருள்களைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நெட்டை உள்ளே போய், ஒப்பனைக்காரப் பெண்ணை வெளியே இருக்கச் சொன்னாள்.

"அம்மா, நீ என்னைக் கூட்டிட்டுப் போகத்தானே வந்தே?"

"ஆமா. நீதான் வரலன்னுட்டியே."

"இப்ப உன்னைத்தான் நான் கூட்டிட்டுப் போகணும் போலருக்கு. இது என் போட்டிம்மா. நேத்து நான் நடந்ததை யாருமே பாக்கல. நீ கொடி இல்லைன்னு சொன்னதை ஊரே பாத்துச்சு."

அம்மா கண்ணாடியில் மகளைப் பார்த்தாள். தலையில் சுருள்கள் துருத்திக்கொண்டு நின்றதால் கோபம் சரியாக வரவில்லை.

"நான் சொல்றதை யாருடி இதுவரை கேட்டிருக்கா? அந்த ஜன்னல்ல ஒரு ஓட்டை. அதுல என் கை மட்டும்தான் வெளிய தெரியும். வெளியில வெயில்ல பாத்தா என்னை ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது. இப்ப ஒரு புள்ளை ஓடி வந்து, அம்மா கூட ஒரு படம்னு கேக்குது. எனக்கு நல்லாருக்கு. போதுமா?"

தனக்கு ஒன்று வேண்டும் என்று அம்மா சொல்லி நெட்டை கேட்டதே இல்லை. பண்டிகைக்குப் புடவைகூட "உங்க இஷ்டம்" என்பவள். கோபம் போகவில்லை, ஆனால் அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

"நான் பாத்தேன்," என்றாள் அம்மா.

"என்னத்தை?"

"நீ மாடியில நடந்ததை. பயமா இருந்துச்சு. அதான் வாய்க்கு வந்ததை உளறினேன்."

ஒப்பனைக்காரப் பெண் கதவைத் தட்டினாள். சுருள் அதிக நேரம் இருந்தால் முடி கருகிவிடும்.

அரையிறுதிக்கு நான்கு பேர் மிஞ்சினார்கள். அதில் இருவர் முதலிலேயே இறுதிப் போட்டிக்குத் தேறிவிட்டார்கள். மீதி நெட்டையும் கண்ணீரும். இவர்களில் ஒருத்தி வெளியே போக வேண்டும். யார் என்று இன்றைக்கு நடுவர்கள் சொல்லப் போவதில்லை, டோக்கன் அம்மாதான் சொல்லப் போகிறார் என்று அறிவித்தபோது அரங்கத்தில் விசில் பறந்தது.

நடக்கும் முன் தயாரிப்பாளர் அம்மாவின் பக்கத்தில் வந்து குனிந்தார். திரைக்குப் பின்னால் நின்ற நெட்டைக்கு எல்லாம் காதில் விழுந்தது.

"உங்க மனசுல பட்டதைச் சொல்லுங்கம்மா. எந்தக் கட்டாயமும் இல்ல. ஆனா பொண்ணைக் காப்பாத்தினா ஜனங்க ரொம்ப சந்தோஷப்படுவாங்க. கொஞ்சம் தயங்கிட்டு, அழுதுட்டு, அப்புறம் சொல்லுங்க."

"அப்ப அதுங்களை எதுக்கு நடக்க விடறீங்க?"

"நடந்தாத்தானேம்மா நிகழ்ச்சி."

"அதான் கேக்கறேன். நடக்கட்டும், பாத்துட்டுச் சொல்றேன்."

தண்ணீர்த் தொட்டியின் மேல் போட்ட குறுகலான பலகை. தோளிலிருந்து தரை வரை இழுபடும் கனமான அங்கி. கண்ணீர் முதலில் போனாள். அவளுக்கு அது சரியாக வராது என்று எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனாலோ என்னவோ அன்று அவள் யாரையும் பார்க்கவில்லை, எதையும் நினைக்கவில்லை. பலகையை மட்டும் நினைத்துக்கொண்டு போய், அங்கியை ஒரு வீச்சில் திருப்பி, வந்து சேர்ந்தாள்.

அடுத்தது நெட்டை. முதல் பாதி வெண்ணெயில் கத்தி போனது போலப் போனது. முனையில் நின்றாள். திரும்பும்போது நடுவர் வரிசையின் ஓரத்தில், விளக்கு வெளிச்சத்தில், இடது பக்கத்தைக் காட்டாமல் நேராக உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம் தெரிந்தது. பார்க்கிறாளா என்று அரை விநாடி பார்த்துவிட்டாள். கால் அங்கியின் ஓரத்தை மிதித்தது. விழவில்லை. சமாளித்து வந்துவிட்டாள். ஜனங்களில் பாதிப் பேர் கவனிக்கவே இல்லை.

இருவரும் மேடையில் கை கோத்து நின்றார்கள். அம்மாவிடம் மைக் கொடுத்தார்கள். தயாரிப்பாளர் கேமராவுக்குப் பின்னாலிருந்து தன் கன்னத்தில் விரலால் கோடு இழுத்து, அழச் சொல்லி ஜாடை காட்டினார்.

"இந்தப் பொண்ணு," என்று அம்மா கண்ணீரைக் காட்டினாள், "இன்னிக்கு யாரையும் பாக்கல. நடந்துச்சு. நல்லா நடந்துச்சு." பிறகு மகளைப் பார்த்தாள். "நீ எப்பவும் அவளைவிட நல்லா நடப்பே. மாடியில நடந்த மாதிரி இங்க ஒருத்தியும் நடந்ததில்ல, அதை இவங்க காட்டல. ஆனா இன்னிக்கு நீ திரும்பறப்ப என்னைப் பாத்தே. அங்க போச்சு. பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்," என்றாள் நெட்டை.

"அப்ப வா, வீட்டுக்குப் போகலாம்."

எந்த இசையைப் போடுவது என்று தெரியாமல் ஒலிப்பதிவாளர் எதையுமே போடவில்லை. தயாரிப்பாளர் பதறிப்போய்க் கண்ணீரை நோக்கிக் கையை ஆட்டினார், அழு, நீயாவது அழு என்று. இத்தனை வாரமாகச் சிவப்பு விளக்குக்குத் தவறாமல் அழுத பெண், அன்றைக்கு வாயைத் திறந்தபடி, கண் வறண்டு, மரம் மாதிரி நின்றாள்.

அழுதது நெட்டைதான். ஆனால் தோற்றதற்காக மட்டும் இல்லை. இந்த சீசன் முழுவதும் யார் யாரோ அவளுடைய வீட்டைப் பற்றி, மனசைப் பற்றி, அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். ஊரே கேட்க அவளுடைய நடையைப் பற்றிப் பேசியது இந்த ஒரு ஆள்தான். அதுவும் வெளியே அனுப்புவதற்காக.

திரும்பும் வண்டி பாதி வழி வந்திருந்தது.

"கோபமா?" என்றாள் அம்மா.

"ஆமா."

"நியாயமா சொன்னேனா இல்லையா?"

"நியாயமாத்தான் சொன்னே. அதான் கோபம்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் அடையாளம் கண்டு கை காட்டினார். அம்மா கையைத் தூக்கியவள், மகளைப் பார்த்துவிட்டு, தூக்கிய கையால் தலையைச் சரிசெய்வது போலச் செய்தாள்.

ஜனங்கள் அம்மாவை மன்னிக்கவில்லை. பெற்ற பிள்ளையையே துரத்தியவள் என்று பேசினார்கள். இதே ஜனங்கள், மகளைக் காப்பாற்றியிருந்தால் தாய்ப்பாசத்தில் மோசடி செய்தாள் என்று பேசியிருப்பார்கள் என்றார் அப்பா. மருத்துவமனை ஜன்னலுக்கு அம்மா திரும்பியபோது, நோய் நொடி எதுவும் இல்லாதவர்கள் அவளைத் திட்டுவதற்காகவே வரிசையில் நின்றார்கள். திட்ட வந்தாலும் வரிசை வரிசைதான் என்று எல்லோரையும் முறைப்படி நிற்க வைத்தாள். திட்டி முடித்த சிலர் படமும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இறுதிப் போட்டியில் கண்ணீர் இரண்டாவதாக வந்தாள். ஒரு மெத்தைக் கம்பெனி விளம்பரத்தில் இன்றைக்கும் சிரித்துக்கொண்டே தூங்குகிறாள். முதலாவதாக வந்த பெண் யார் என்று கேட்டால் அப்பாவுக்குப் பெயர் வாய்வரை வந்து நின்றுவிடும்.

நெட்டைக்கு வேலை கிடைத்தது கறுப்புக் கண்ணாடிக்காரர் மூலமாக. அவருடைய பட்டறையில் தைக்கும் உடைகளை உடம்பில் போட்டுப் பார்த்து, குண்டூசி குத்தி, அளவு சரிசெய்ய ஒரு ஆள் தேவைப்பட்டது. நாள் முழுவதும் நிமிர்ந்து நிற்க வேண்டும், சொன்னால் நடக்க வேண்டும், கை தூக்க வேண்டும். படம் யாரும் எடுப்பதில்லை. உடை பொருந்தினால் அது விளம்பரத்தில் வேறொருத்தியின் மேல் வரும். நெட்டைக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் குனிய வேண்டாம் என்பதே அவள் முதுகுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. தையல்காரர்கள் அவளிடம், "இடுப்புல பிடிக்குதா? நடந்தா தடுக்குதா?" என்று கேட்டு, அவள் சொன்னபடி வெட்டினார்கள்.

அடுத்த சீசன் அறிவிப்பு வந்தது. ஊரே திட்டுகிற ஒருவரைத்தான் ஊரே பார்க்கும் என்று தயாரிப்பாளருக்குத் தெரியும். அம்மாவுக்கு நிரந்தர நடுவர் நாற்காலி. அம்மா மருத்துவமனையில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போது மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"போயேன்," என்றாள் நெட்டை. "நல்லா இருப்பே."

"நிஜமாவா சொல்றே?"

"அங்க ஒருத்தராவது நடையைப் பாக்கணுமில்ல."

படப்பிடிப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சேனலிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே ஊசி மாதிரி குதிகால் வைத்த சிவப்புக் காலணி. நடுவர்கள் மேடையில் நடந்து வந்துதான் உட்கார வேண்டுமாம். அம்மா அதைப் போட்டுக்கொண்டு எழுந்தாள், சோபாவைப் பிடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"இதைப் போட்டுட்டு மனுஷி எப்படிடி நடப்பா?"

நெட்டை மேசையை ஓரமாகத் தள்ளினாள். சமையலறை வாசலிலிருந்து குளியலறைக் கதவுவரை தாழ்வாரத்தைக் காலி செய்தாள். அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து நிறுத்தினாள்.

"கீழ பாக்காதே. தோளை இறக்கு. வயித்தை உள்ள இழு."

"இழுத்தா மூச்சு விட வேண்டாமா?"

"விடலாம். கொஞ்சமா விடு."

அம்மா நடந்தாள். தாழ்வாரம் முழுக்க டொக் டொக்கென்று சத்தம். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். அப்பா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கையில் கரண்டியோடு சுவரில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

"எப்படி இருக்கு?" என்றாள் அம்மா, குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க.

நெட்டை அவளைத் தலை முதல் கால்வரை பார்த்தாள். "படு மோசம்மா," என்றாள். "இன்னொரு தடவை வா."